கோட்டான் குகைக்கு ஒன்பது லெவல்

தங்கச் சுரங்க ஊரான ஊரிகம் ஸ்டேஷனில் காலை ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போய்வந்த எவரும் வேலாயுதத்தின் குகையிலிருந்து தப்பியதில்லை. இருபத்தெட்டு வருஷம் அவர் அந்த ரயிலில் போனார், வந்தார். பெங்களூரில் ஓர் அச்சகத்தில் பைண்டிங் வேலை. பங்காருப்பேட்டை வருவதற்குள் பையிலிருந்து குகை மேப் வெளியே வந்துவிடும். காது கேட்காத பெரியவர் ஒருவர் தினமும் ஜன்னலோரம் உட்காருவார். அவருக்குக்கூட விரலால் தொட்டுத் தொட்டு ஒன்பது லெவலையும் காட்டியிருக்கிறார். பெரியவர் அது ஏதோ ஜாதகம் என்று நினைத்து, கடைசியில் பரிகாரம் கேட்டாராம்.

குகை இருந்தது பாலகாட் சுரங்கத்துக்குப் பின்னால், தங்கம் பிரித்த பிறகு கொட்டிய மண் மலையான சயனைடு மேட்டைத் தாண்டி, கோட்டான் பாறை என்கிற குண்டுக்கல் குன்றில். மேப்பில் பார்த்தால் அது ஒரு முழுச் சுரங்கம். மேலிருந்து கீழாக ஒன்பது கோடுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பேர். இரண்டாம் லெவலில் மாமியார் வளைவு, குனியாமல் யாரும் தாண்ட முடியாது. நாலாம் லெவலில் கல்யாண மண்டபம், இருநூறு பேர் பந்தியில் உட்காரலாம். ஆறாம் லெவலில் தண்ணீர் ஓடுகிற சத்தம். ஒன்பதாம் லெவல் ஆயிரத்து நூறு அடி. "அதுக்கு அப்பாலயும் போவுது," என்பார் வேலாயுதம், மேப்பை மடித்துக்கொண்டே. "அதுக்குள்ள வேற வேலை வந்துட்டுது."

இவ்வளவு சொல்லும் வேலாயுதம் அந்தக் குகைக்குள் போனதே கிடையாது. பாலகாட் குகை ஆராய்ச்சி மன்றத்தின் நிறுவனர், தலைவர், செயலாளர் எல்லாம் அவர்தான். ஆனால் முப்பத்தெட்டு வருஷத்தில் ஒரு தடவைகூட முழுசாக உள்ளே போனதில்லை. இது வெளியே தெரிந்தால் அப்புறம் ஆண்டர்சன்பேட்டை மார்க்கெட்டில் தலை நிமிர்ந்து ஒரு கட்டுக் கீரை வாங்க முடியுமா? அதனால் யாரிடமும் சொன்னதில்லை, மனைவி லீலாவிடம்கூட.

விஷயம் வேறொன்றுமில்லை, இருட்டு என்றால் அவருக்கு ஆகாது. அப்பா சேம்பியன் ரீஃப் சுரங்கத்தில் ஒன்பதாயிரம் அடி இறங்கி வேலை பார்த்தவர். பிள்ளை ராத்திரி பின்கட்டுக்குப் போக விளக்கும் துணையும் கேட்பான். பதினாலு வயதில் பள்ளிக்கூடத்துப் பையன்களைச் சுரங்கம் காட்டக் கூட்டிப்போனார்கள். சுரங்கத்துக்குள் ஆளை இறக்கும் இரும்புக் கூண்டுக்கு கேஜ் என்று பேர். சிநேகிதர்கள் துரையும் மனோகரும் முதல் கேஜில் இறங்கிவிட்டார்கள். வேலாயுதம் இரண்டாவது கேஜில். கதவைச் சாத்தி, பெல் அடித்து, கேஜ் சரேலென்று இறங்கியதும் பக்கத்தில் நின்ற சுரங்கக் கேப்டனின் பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்தான். கீழே போய்க் கதவு திறந்த பிறகும் விடவில்லை. கேப்டன் முதலில் அன்பாகச் சொன்னார், பிறகு இங்கிலீஷில் சொன்னார். கடைசியில் பெல்ட்டைக் கழற்றி அவனிடமே கொடுத்துவிட்டு, ஒரு கையால் பேண்ட்டைப் பிடித்தபடி, மறு கையால் பாறையில் தங்க ரேகை ஓடும் இடத்தைக் காட்டினார். வேலாயுதம் அதைப் பார்க்கவில்லை, கண்ணைத் திறந்தால்தானே! முதல் கேஜில் போனவர்கள் வேறு பக்கம் இருந்தார்கள் என்பது ஒன்றுதான் அவனுக்கு ஆறுதல்.

இப்படிப்பட்ட ஆள் எதற்குக் குகைச் சங்கம் ஆரம்பிக்க வேண்டும்? ரோஷம்தான். 1987ல் ஒருநாள் ஆண்டர்சன்பேட்டை டீக்கடையில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தபோது, பெங்களூர்க் கல்லூரி மாணவர்கள் ஏதோ ஒரு குகைக்குள் இருநூறு அடி தவழ்ந்து போனதாகப் படத்தோடு போட்டிருந்தது. இருபத்து மூன்று வயது வேலாயுதம் பேப்பரை மேஜையில் அறைந்தான்.

"எரநூறு அடிக்கு போட்டோவாடா? நம்ம அப்பனுங்க தெனம் பத்தாயிரம் அடி எறங்கறாங்க. எவனாவது போட்டோ புடிச்சானா?"

துரை அப்போது வெல்டிங் கடையில் வேலை கற்றுக்கொண்டிருந்தான். வாசலை அடைக்கிற உடம்பு. எது சொன்னாலும் "சரிடா" என்பவன், அதற்கும் "சரிடா" என்றான். மனோகர் வாத்தியார் வேலைக்குப் படித்துக்கொண்டிருந்தான். எழுத்தில் இருந்தால்தான் எதையும் நம்புவான். அவன், "சரி, கொகை எங்கடா?" என்று கேட்டான்.

கோட்டான் பாறையில் ஒரு பொந்து இருப்பதாக ஆடு மேய்ப்பவர்கள் சொல்லி வேலாயுதம் கேட்டிருந்தான். "நானே மொதல்ல போய் பாத்துட்டு வர்றேன்," என்று வாயிலிருந்து வந்துவிட்டது. வந்தது வந்துவிட்டது, இனி விழுங்க முடியாது.

சனிக்கிழமை சாயங்காலம் தனியாகப் போனான். பொந்துக்குள் தலையை நீட்டி ஆறேழு அடி தவழ்ந்தான். அதே நேரத்தில் உள்ளே குடியிருந்த கோட்டானும் வெளியே புறப்பட்டது. இருந்தது ஒரே வழி. வேலாயுதம் சயனைடு மேடு தாண்டி பாலகாட் ரோடுவரை எங்கும் நிற்கவில்லை. ரோட்டுக்கு வந்த பிறகுதான் வலது கால் செருப்பு இல்லை என்பது தெரிந்தது. மறுநாள் சிநேகிதர்களிடம், "மொத லெவல் முடிச்சிட்டேன். நல்ல கல்லு," என்று மட்டும் சொன்னான்.

இரண்டாவது தடவை உள்ளே போகாமல் இருக்க ஒரு காரணம் வேண்டுமே. ஊர்தான் அதைக் கொடுத்தது. சுரங்கத்தில் இறங்குகிறவன் தன் டோக்கனைப் பலகையில் மாட்டிவிட்டு இறங்க வேண்டும், ஏறி வந்ததும் எடுத்துக்கொள்ள வேண்டும். ஷிப்ட் முடிந்த பிறகும் ஆணியில் டோக்கன் தொங்கினால், உள்ளே ஒரு ஆள் இருக்கிறான் என்று அர்த்தம். சுரங்கக் குழியான ஷாஃப்டின் வாய்க்கு ஒரு காவலாள் உண்டு. அவனை பேங்க்ஸ்மேன் என்பார்கள். இடி விழுந்தாலும் அவன் இடத்தை விட்டு அசையக்கூடாது. வேலாயுதம் ஒரு பலகையில் ஆணி அடித்தான், சோடா மூடிகளில் நம்பர் பொறித்தான், சைக்கிள் பெல் ஒன்றைக் கயிற்றில் கட்டினான். மன்றத்தின் முதல் விதியை அவனே எழுதினான்: பேங்க்ஸ்மேன் இல்லாமல் யாரும் இறங்கக்கூடாது. இரண்டாம் விதி: வேலாயுதமே பேங்க்ஸ்மேன்.

முதல் ஞாயிற்றுக்கிழமை துரையும் மனோகரும் இரண்டாம், மூன்றாம் நம்பர் டோக்கனை மாட்டிவிட்டு, இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு உள்ளே போனார்கள். கயிற்றில் ஆறு அடிக்கு ஒரு முடிச்சு. உள்ளே இழுக்க இழுக்க வேலாயுதம் விட்டுக்கொண்டே முடிச்சை எண்ணினான். இருபது முடிச்சு போயிற்று. நாலு மணி நேரம் கழித்துப் புழுதியாக வெளியே வந்தவர்களிடம், "எத்தினியாவது லெவலு?" என்று கேட்டான். துரை மனோகரைப் பார்த்தான். மனோகர் கல்லைப் பார்த்தான். "ரெண்டு," என்றான் துரை. வேலாயுதம் நோட்டில் எழுதினான்: இரண்டாம் லெவல். நூற்றிருபது அடி. எல்லோரும் நலம்.

அப்புறம் வந்த ஏழு வருஷம் மன்றத்தின் பொற்காலம். ஞாயிறுதோறும் மூவரும் போனார்கள், சோற்று மூட்டையோடு. உள்ளே போகிறவர்கள் ரொம்ப நேரம் இருப்பதால் மூட்டையும் உள்ளே போய்விடும், பேங்க்ஸ்மேன் வெளியே பட்டினி. வேலாயுதம் அதற்காக வருத்தப்பட்டதே இல்லை. வெயிலில் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்று, உள்ளே இருக்கிற இரண்டு உயிரும் தன் கையில்தான் என்று மனதார நம்பினார். அரை மணிக்கு ஒரு தடவை பெல் அடித்துக் கேட்பார், உள்ளேயிருந்து பதில் இழுப்பு வரும்வரை எச்சில் விழுங்க மாட்டார்.

நாலாம் லெவலுக்குப் பெயர் வைப்பதில் பெரிய சண்டை நடந்தது. துரைக்குக் கல்யாண மண்டபம், மனோகருக்குக் கலையரங்கம். மூன்று வாரம் பேச்சுவார்த்தை இல்லை. பார்க்காத இடத்துக்கு வேலாயுதம் நடுவராக இருந்து தீர்ப்புச் சொன்னார். ஐந்தாம் லெவல் சமயத்தில் வின்னி என்று ஒருவன் சேர்ந்தான். முதல் நாளே உள்ளே போய், பத்து நிமிஷத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்து, தரையில் புரண்டு சிரித்தான். என்ன கேட்டாலும் சிரிப்பு. வேலாயுதம் பதறிப்போய் முகத்தில் தண்ணீர் தெளித்து, நோட்டில் எழுதினார்: ஐந்தாம் லெவலில் ஒருவித வாயு உள்ளது. வின்னி பாதிப்பு. அவர் உடம்புக்குக் குகை ஒத்துவராது. வின்னி அப்புறம் ஆஸ்திரேலியா போய்விட்டான். அங்கிருந்து கிறிஸ்துமஸ் கார்டு அனுப்பும்போதெல்லாம், "வாயு எப்படி இருக்கிறது?" என்று விசாரிப்பான். எவ்வளவு அக்கறை என்று வேலாயுதம் நெகிழ்ந்துபோவார்.

கயிறு நீண்டுகொண்டே போனது. புதுக் கயிறு வாங்கி முடிந்து, மறுபடி வாங்கி முடிந்து, ஆயிரத்து நூறு அடி. "மனுசன் பொய் சொல்லுவான், கயிறு சொல்லாது," என்பார் வேலாயுதம். கல்யாணப் பத்திரிகையில் தன் பெயருக்குக் கீழே குகை ஆராய்ச்சியாளர் என்று போட்டுக்கொண்டார். கல்யாணமான புதிதில், சுரங்கத்துக்குள் பாறை வெடித்து வீட்டுப் பாத்திரமெல்லாம் கிடுகிடுத்தபோது, "பயப்படாதே, நம்ம ஏழாம் லெவல் இங்கதான், உன் அடுப்புக்கு நேர் கீழ வருது," என்று லீலாவுக்குத் தைரியம் சொன்னார். லீலா அன்றிலிருந்து அடுப்பை இடம் மாற்றிவிட்டாள்.

ஒன்பதாம் லெவலோடு எல்லாம் நின்றுபோனது. இதற்கு மேல் முடியாது என்று இரண்டு பேரும் ஒரே குரலில் சொல்லிவிட்டார்கள். அப்புறம் வருஷத்துக்கு ஒரு தடவை ஆண்டு விழா, பிரியாணி, பழைய நோட்டு வாசிப்பு. வேலாயுதம் ரயிலில் போனார், வந்தார், ரிட்டயர் ஆனார்.

போன பிப்ரவரியில் பவ்யா வந்து சேர்ந்தாள். ஆண்டர்சன்பேட்டைப் பெண், பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை, அதே ரயிலில் மேப் பார்த்தவள். அவள் இருக்கும் குகைக் கிளப் கர்நாடகக் குகைகளைப் பற்றி ஒரு புத்தகம் போடுகிறதாம்.

"அங்கிள், ஒன்பது லெவல்னு சொன்னதும் எங்க கிளப்ல யாரும் நம்பலை. ஆயிரத்து நூறு அடின்னு கயிறு கணக்கு சொன்னேன், எல்லாரும் ஷாக்! வர்ற சண்டே எட்டு பேர் வர்றோம். நீங்கதான் உள்ள லீட் பண்ணணும். அங்கயே உங்களுக்கு ஷால் போடறோம்."

"எங்க?" என்றார் வேலாயுதம்.

"கல்யாண மண்டபத்துல!"

அன்று அவர் சாப்பிடவில்லை. செய்தியைக் கேட்ட துரையும் மனோகரும் சாப்பிடாததுதான் ஆச்சரியம். மறுநாள் காலையில் துரை மூச்சிரைக்க வந்தான். "வேலு, கொகையில கொளவி கட்டிகினு இருக்குதாம்டா. இத்தாம் பெருசு. வோணாம்னு சொல்லிடு." வேலாயுதத்துக்கு உள்ளம் குளிர்ந்தது. உடனே பவ்யாவுக்கு போன் போட்டார். "பரவால்ல அங்கிள், அதுக்கு டிரெஸ் இருக்கு," என்றாள். சாயங்காலம் மனோகர் வந்தார். சிறுத்தை நடமாட்டமாம், இவர் கண்ணாலேயே பார்த்தாராம். ரிட்டயர்டு தலைமையாசிரியர் பொய் சொல்ல மாட்டார் என்று வேலாயுதம் மறுபடி போன் போட்டார். "ஹௌதா, அப்படியா அங்கிள்? அப்ப இன்னும் நாலு பேர் எக்ஸ்ட்ரா வருவாங்க, கேமராவோட!" சிநேகிதர்கள் தன் மீது வைத்திருக்கிற பாசத்தை நினைத்து வேலாயுதத்துக்குக் கண் கலங்கியது. நான் கேட்காமலேயே எனக்காக இப்படி அலைகிறார்களே என்று நினைத்தார்.

சனிக்கிழமை ஒரு முடிவுக்கு வந்தார். ஞாயிறு விடிந்ததும், அவர்கள் வருவதற்கு முன்னால் போய், முதல் லெவலையாவது ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். முழுப் பொய்யாக இல்லாமல் ஒன்பதில் ஒரு பங்காவது நிஜமாகட்டும். ஆனால் பேங்க்ஸ்மேன் இல்லாமல் இறங்கக்கூடாதே. தானே எழுதிய விதியைத் தானே மீறலாமா?

"லீலா, நாளைக்கு காலையில நீ வந்து பலகையை புடிச்சிகினு நிக்கணும்."

"ஏன், நீங்க இன்னா பண்ணப்போறீங்க?"

"நான் உள்ள போறேன்." மேப்பை மடித்து ஓரமாக வைத்தார். "லீலா, நான் உள்ள போனதே இல்ல."

"தெரியும்," என்றாள் லீலா, கீரை ஆய்ந்துகொண்டே.

"தெரியுமா!"

"ஞாயித்துக்கெழம சட்டையை தொவைக்கிறவ நான்தானே? கொகைக்கு போய்ட்டு வர்ற ஆளு சட்டையில ஒரு பொட்டு மண்ணு இருக்காது. முதுவு மட்டும் வேர்வையில நனைஞ்சி கெடக்கும். சரி, கூட இருக்கறவங்களுக்காக பயந்து பயந்து வேர்க்குதுன்னு வுட்டுட்டேன்."

ஞாயிறு காலை ஆறரைக்கு ஆட்டோவில் பலகை, பெல், நோட்டு, ஆயிரத்து நூறு அடிக் கயிறு எல்லாவற்றையும் ஏற்றி இருவரும் கோட்டான் பாறைக்கு வந்தார்கள். கயிற்றுச் சுருளுக்கு நடுவில் லீலா உட்கார்ந்து வந்தாள். வேலாயுதம் முதல் நம்பர் டோக்கனை எடுத்து முதல் ஆணியில் மாட்டினார். இரண்டாம், மூன்றாம் ஆணிகள் தேய்ந்து வழவழத்திருந்தன. இது துருப்பிடித்திருந்தது. டோக்கன் துருவில் சிக்கிக்கொண்டு, தட்டித்தான் உள்ளே தள்ள வேண்டியிருந்தது.

"சீக்கிரம் வாங்க," என்றாள் லீலா. பெல்லை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு தவழ்ந்தார். முதல் ஆறு அடி தெரிந்த இடம்தான். அப்புறம் வழி வலப்புறம் திரும்பியது. மாமியார் வளைவு! இருட்டு மூக்கைத் தொட்டது. பிடித்துக்கொள்ள கேப்டனும் இல்லை, பெல்ட்டும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு நாலு முழம் நகர்ந்தார், ஐந்து முழம் நகர்ந்தார். தலை எதிலோ இடித்தது. திறந்து பார்த்தார்.

வெளிச்சமாக இருந்தது.

சமையலறை அகலத்துக்கு ஓர் இடம். மேலே இரண்டு குண்டுக்கல்லுக்கு நடுவில் கையகல இடைவெளி, அது வழியாகக் காலை வெயில் விழுந்துகொண்டிருந்தது. வெளியே லீலா ஆட்டை விரட்டுகிற சத்தம்கூடக் கேட்டது. அதற்கு மேல் வழி இல்லை. டார்ச்சால் சுற்றிலும் தட்டிப் பார்த்தார், எல்லாப் பக்கமும் கல். மூலையில் ஒரு சீட்டுக்கட்டு, மக்கிப்போன பாய், பீடித்துண்டு மலை, மனோகர் தொலைத்துவிட்டதாகச் சொன்ன டிரான்சிஸ்டர். சுவரில் கரியால் கிழித்த ரம்மி பாயிண்டுகள், துரை ஒரு பக்கம், மனோகர் ஒரு பக்கம், ஏழு வருஷத்துக்கும்.

எதிரே ஒரு பாறை விளிம்பு. அதன்மேல், தூசி தட்டி, நேராக நிறுத்தி வைத்திருந்தது ஒரு ரப்பர் செருப்பு. வலது கால். அதற்கு மேல் சாக்பீஸில் மனோகரின் முத்து முத்தான கையெழுத்து: சங்க நிறுவனர்.

வேலாயுதம் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அந்த நேரம் வெளியே பேச்சுக் குரல் கேட்டது. துரையும் மனோகரும் கடப்பாரையோடு வந்திருந்தார்கள். வாசலில் நாலு கல்லைப் புரட்டிவிட்டு, குகை இடிந்துவிட்டது என்று பவ்யாவிடம் சொல்லத் திட்டம். லீலாவையும் ஆணியில் தொங்கும் டோக்கனையும் பார்த்ததும் துரையின் கையிலிருந்து கடப்பாரை விழுந்தது.

"அண்ணி, ஒண்ணாம் நம்பரு... உள்ளயா?"

"உள்ளதான். போங்க, போய் பதில் சொல்லுங்க," என்றாள் லீலா. "டோக்கனை மாட்டிட்டு போங்க."

சமையலறை அகலத்தில் மூன்று அறுபது வயதுக்காரர்கள் முழங்கால் இடிக்க உட்கார்ந்தார்கள். பிறகு வேலாயுதம் சீட்டுக்கட்டை எடுத்துத் துரையின் மேல் எறிந்தார். அதுவும் போதாமல் பாயை எடுத்து மனோகரை அடித்தார். பாய் மக்கியிருந்ததால் அடி விழவில்லை, மூவருக்கும் தும்மல்தான் வந்தது.

"ஏழு வருசம்டா! நாலு மணி நேரம் வெயில்ல! சோறு கூட இல்லாம! உங்களுக்கு ஒண்ணு ஆயிட்டா உங்கம்மாகிட்ட இன்னா சொல்றதுன்னு நடுங்கிகினு நின்னேன்டா! கயிறு? கயிறு எப்பிடிடா போச்சி?"

"இங்க உக்காந்து இழுத்து இழுத்து சுருட்டி வைப்போம்," என்றான் துரை, தலையைக் குனிந்துகொண்டு. "கடைசியில கயிறு கழுத்து வரைக்கும் வந்துட்டுது. சீட்டு போட எடமில்ல. அதான் ஒன்பதோட நிறுத்தினோம்."

"ஏன்டா? மொத நாளே சொல்லியிருக்கலாமேடா?"

மனோகர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "சொல்லத்தான் வந்தோம். பத்து நிமிசத்துல கொகை முடிஞ்சிட்டுது. உன் செருப்பை பாத்தோம், நீ எவ்ளோ தூரம் வந்தேன்னு தெரிஞ்சிட்டுது. திரும்பி எட்டிப் பாத்தா, நீ பலகையும் கையுமா, சட்டையை இன் பண்ணிகினு, கண்ணை இமைக்காம வாசலையே பாத்துகினு நிக்கிறே. நாங்க வெளிய வந்து ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டா அடுத்த ஞாயித்துக்கெழம நீ எங்க நிப்பே? துரை ரெண்டுன்னான். நீ எழுதிட்டே. எழுதினதுக்கு அப்புறம் நான் இன்னா பண்றது?"

"இருட்டுன்னா உனக்கு ஆவாதுன்னு தெரியும்டா," என்றான் துரை. "கேப்டன் பேண்ட்டை புடிச்சிகினு நடந்ததை மொத்த சேம்பியனும் பாத்துச்சி. நாங்களும்தான்."

வேலாயுதம் அழுதார். கோபம் போகவில்லை, அது வேறு பக்கம் இருந்தது. ஆனால் யாரும் தன்னை ஒரு நாளும் பெல்ட் கதையைச் சொல்லிக் கிண்டல் செய்ததில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. நாற்பத்தேழு வருஷம் இந்த இரண்டு தடியன்களும் அதை வாய்க்குள்ளேயே வைத்திருந்திருக்கிறார்கள்.

பெல் மூன்று தடவை அடித்தது. வெளியே வண்டிச் சத்தம்.

பன்னிரண்டு பேர், ஆரஞ்சு ஹெல்மெட், தோளில் பளபளக்கும் கொக்கிகள். பவ்யாவின் கையில் சால்வை. வேலாயுதம் தவழ்ந்து வெளியே வந்து, எழுந்து, தன் டோக்கனை ஆணியிலிருந்து எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். சட்டை முழுக்க மண். லீலா அதைத் தட்டிவிட வந்து, தட்டாமல் கையை எடுத்துக்கொண்டாள்.

"பவ்யாம்மா, சால்வையை உள்ள வை. இந்த கொகை முப்பது அடிதான். ஒன்பது லெவலும் கெடையாது, மண்டபமும் கெடையாது. நான் உள்ள போனதே இன்னிக்கு காலையிலதான். மொத்தம் நான் கட்டிவுட்ட கதை."

"இல்லம்மா, அவனுக்கு ஒண்ணும் தெரியாது, கட்டினது நாங்க!" என்று துரை முன்னால் வந்தான்.

"நான்டா!"

"நாங்கடா!"

யார் பெரிய பொய்யர் என்று இருவரும் மல்லுக்கு நிற்க, மனோகர் நோட்டை விரித்துத் தேதிவாரியாகத் தம் பங்கைப் படித்துக் காட்டினார். பவ்யா கேட்டுக்கொண்டே இருந்தாள். செருப்பு, ரம்மி, வின்னியின் வாயு, கழுத்து வரைக்கும் வந்த கயிறு, ஒன்று விடாமல். அவள் முகத்தில் என்ன இருந்தது என்று வேலாயுதத்துக்குத் தெரியவில்லை. பார்க்கத் தைரியமும் இல்லை. கீரை வாங்க இனிமேல் ராபர்ட்சன்பேட்டைக்குத்தான் போக வேண்டும் என்று மட்டும் தோன்றியது.

"அந்தக் கயிறு இதுதானா அங்கிள்?" என்றாள் கடைசியில்.

"அதுதாம்மா."

"சரி. அளக்க வந்தோம், அளந்துட்டுப் போறோம். டோக்கன் குடுங்க."

அவரிடம் சோடா மூடிகள் பன்னிரண்டாம் நம்பர்வரை இருந்தன. என்றைக்காவது ஆள் சேர்வார்கள் என்று 1987லேயே பொறித்து வைத்தவை. பவ்யாவும் இன்னும் மூன்று பேரும் டோக்கனை மாட்டிவிட்டு, கயிற்றின் நுனியை இடுப்பில் கட்டிக்கொண்டு, உள்ளே தவழ்ந்து மறைந்தார்கள். வேலாயுதம் பலகையோரம் போய் நின்றார். வேறு எங்கே நிற்பார்? கயிறு உள்ளங்கையில் ஓடியது. ஒரு முடிச்சு, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து. நின்றது. முப்பது அடி.

உள்ளே இருந்து வின்னி சிரித்த அதே சிரிப்பு, நாலு குரலில் வந்தது. சிரிக்கட்டும், சிரிக்க வேண்டிய விஷயம்தானே என்று வேலாயுதம் நோட்டில் 'முப்பது அடி' என்று எழுதினார்.

கயிறு அசைந்தது.

ஆறாவது முடிச்சு அவர் கையைத் தாண்டிப் போனது. அப்புறம் ஏழாவது. அவர் மனோகரைப் பார்த்தார், மனோகர் வானத்தைப் பார்த்தார். துரை திரும்பி நின்று தோள் குலுங்கிக்கொண்டிருந்தான். இருபது முடிச்சு, ஐம்பது, நூறு. வேலாயுதம் கயிற்றை நிதானமாக விட்டுக்கொடுத்தார், எங்கும் சிக்காமல், எங்கும் தளராமல், முன்பு எப்படி விடுவாரோ அப்படியே. கண்ணீர் அது பாட்டுக்கு இறங்கியது, துடைக்கக் கை இல்லை. முக்கால் மணி நேரம் கழித்துக் கடைசி முடிச்சும் உள்ளங்கையை விட்டு நழுவி, பொந்துக்குள் போய் மறைந்தது.

வேலாயுதம் குனிந்து, வாசலில் வாய் வைத்து, முழுத் தொண்டையில் கேட்டார்.

"எத்தினியாவது லெவலு?"

உள்ளே கொஞ்ச நேரம் ஏதோ குசுகுசுப்பு. அப்புறம் பவ்யாவின் குரல் வந்தது.

"பத்து, அங்கிள்!"

'முப்பது அடி' என்று எழுதியதை அவர் அடித்துவிடவில்லை. அதற்குக் கீழே எழுதினார்: பத்தாம் லெவல். ஆள் நாலு. எல்லோரும் நலம். கயிறு போதவில்லை.